நிரந்தர வசிப்புரிமை: கனடாவா, ஆஸ்திரேலியாவா, ஜெர்மனியா, அமெரிக்காவா?

வெளிநாட்டில் குடியேற நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்த நாட்டில் பிஆர், அதாவது நிரந்தர வசிப்புரிமை, சுலபமாகக் கிடைக்கும்?" என்பதுதான். சுலபமாகத் தரும் நாடு எதுவும் இல்லை. ஒவ்வொரு நாடும் ஏதோ ஒன்றை விலையாகக் கேட்கிறது. ஒன்று வயதைக் கேட்கிறது, இன்னொன்று மொழியை, மற்றொன்று ஆண்டுக்கணக்கான பொறுமையை. சில நாடுகள் கூச்சமில்லாமல் பணத்தையே கேட்கின்றன. நம்மிடம் எது மிச்சம் இருக்கிறதோ அதைக் கேட்கும் நாட்டைத் தேடுவதுதான் சரி. அதற்கும் முன்னால் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. நாம் அங்கே நிரந்தரமாக இருக்கலாமா என்பதை முடிவு செய்வது யார்? நம் மதிப்பெண்ணா, நமக்குச் சம்பளம் கொடுக்கும் நிறுவனமா, நாம் பிறந்த நாடா, முகம் தெரியாத ஓர் அதிகாரியா? சம்பளம், தட்பவெப்பம், பள்ளிக்கூடம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மதிப்பெண் கேட்கும் நாடுகள்

திறன்பணியாளர்களை மதிப்பெண் வைத்துத் தேர்ந்தெடுக்கும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறை 2015 ஜனவரியில் வந்தது. விதிகள் எல்லாம் வெளிப்படை. நம் மதிப்பெண்ணை நாமே உட்கார்ந்து கணக்கிட்டுக்கொள்ளலாம். வெளிநாட்டு வேலை அனுபவத்தோடு விண்ணப்பிக்கும் பெடரல் ஸ்கில்டு வொர்க்கர் பிரிவில் முதலில் 100-க்கு 67 வாங்க வேண்டும். வாங்கியவுடன் கனடாவே கிடைத்துவிட்டதாகக் கொண்டாடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ஹால் டிக்கெட் மட்டும்தான். தேர்வு அதற்குப் பிறகு வருகிறது: 1,200-க்குக் கணக்கிடப்படும் சிஆர்எஸ் என்ற தரவரிசை மதிப்பெண். அந்தப் பட்டியலில் மேலே இருப்பவர்களைத்தான் அரசு அவ்வப்போது அழைக்கிறது.

வயது இங்கே இரக்கமில்லாமல் வேலை செய்கிறது. தனியாக விண்ணப்பிக்கும் ஒருவருக்கு 20 முதல் 29 வயது வரை 110 மதிப்பெண். 30 ஆனதும் ஒவ்வொரு பிறந்தநாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிக்கொள்ளும்: 35-இல் 77, 40-இல் 50, 45-இல் பூஜ்யம். இதைப் பார்த்துவிட்டு மனம் தளர்பவர்கள் பெரும்பாலும் மொழித் தேர்வைச் சரியாகக் கணக்கிடுவதில்லை. ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் கேட்டலில் 7.5, மற்ற மூன்றிலும் 6.5 எடுத்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதுகலைப் பட்டமும் மூன்றாண்டு வெளிநாட்டு அனுபவமும் உள்ளவர், தனியாக விண்ணப்பிக்கிறார். மறுபடி எழுதி, கேட்டலில் 8, மற்றவற்றில் 7 என்று உயர்த்திவிட்டார். நான்கிலும் ஏறியது வெறும் அரை பேண்டு. சிஆர்எஸ்ஸில் அது 82 மதிப்பெண்ணாகக் கூடுகிறது: மொழிக்கே 32, மொழியும் பட்டமும் சேர்வதால் 25, மொழியும் அனுபவமும் சேர்வதால் இன்னொரு 25. முப்பது வயதுக்காரருக்கும் நாற்பது வயதுக்காரருக்கும் இடையே உள்ள வயது வித்தியாசத்தின் விலை 55 தான். பத்து ஆண்டுகளை ஒரு தேர்வால் திருப்பி வாங்க முடிகிற நாடு வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனாலும் கனடாவின் கதவு முன்புபோல் திறந்து கிடக்கவில்லை. 2025-இல் நடந்த அழைப்புச் சுற்றுகள் ஏற்கெனவே கனடாவில் வேலை பார்த்தவர்கள், மாகாணங்களின் பரிந்துரை பெற்றவர்கள், பிரெஞ்சு தெரிந்தவர்கள், சுகாதாரம், கல்வி போன்ற தேர்ந்தெடுத்த துறையினர் ஆகியோரைச் சுற்றியே நடந்தன. கணினித் துறையில் நல்ல வேலையில் இருக்கும் ஒருவர், கனடாவை எட்டிக்கூடப் பார்க்காமல், ஆங்கில மதிப்பெண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தால் அழைப்பு வராமலே போகலாம். மாகாணப் பரிந்துரை கிடைத்தால் 600 மதிப்பெண் சேரும். அதற்குமேல் கவலை இல்லை. பிரெஞ்சில் நான்கு திறன்களிலும் ஏழாம் நிலையை எட்டியவர்களுக்கு நடக்கும் சுற்றுகளில் கட்-ஆஃப் மற்றவர்களுக்கானதைவிடக் கணிசமாகக் கீழே இருந்திருக்கிறது. பிரெஞ்சு கற்க ஒன்றரை, இரண்டு ஆண்டு உழைப்பு வேண்டும் என்பது உண்மைதான். எதுவும் செய்யாமல் காத்திருப்பதற்கும் அதே காலம்தான் ஆகிறது.

ஆஃபர் லெட்டர் இருந்தால் 50 அல்லது 200 மதிப்பெண் என்ற பழைய கணக்கை இன்னும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். அந்த மதிப்பெண்கள் 2025 மார்ச் 25-இல் நீக்கப்பட்டுவிட்டன. காசு வாங்கிக்கொண்டு ஆஃபர் லெட்டர் ஏற்பாடு செய்து தருகிறேன், சிஆர்எஸ் ஏறும் என்று யாராவது சொன்னால் அந்த உரையாடலை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். கனடாவில் பொய்த் தகவல் கொடுத்தது தெரிந்தால் ஐந்தாண்டுத் தடை.

அழைப்பு வந்தபின் 60 நாளுக்குள் முழு விண்ணப்பமும் போய்ச் சேர வேண்டும். மதிப்பெண் போதாமல் விழுபவர்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். மதிப்பெண் இருந்தும் இந்த 60 நாளில் தடுமாறுபவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முதல் சிக்கல் அனுபவச் சான்றிதழ். "இவர் எங்களிடம் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை பணியாற்றினார்" என்று இரண்டு வரி எழுதிய கடிதம் போதாது. நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில், பதவி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், செய்த வேலைகளின் விவரம் எல்லாம் இருக்க வேண்டும். கையொப்பமிட்டவர் யார் என்றும் தெரிய வேண்டும். அந்த வேலை விவரம், நாம் தேர்ந்தெடுத்த தொழில் குறியீட்டின் விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும். பதவியின் பெயர் 'மேலாளர்' என்று இருந்து, செய்த வேலை குமாஸ்தா வேலையாக இருந்தால் அதிகாரி பார்ப்பது இரண்டாவதைத்தான். இரண்டாவது சிக்கல் பணம். வங்கிக் கடிதத்தில் கடந்த ஆறு மாதச் சராசரி இருப்பு வர வேண்டும். கடன் வாங்கிப் போட்ட தொகை செல்லாது. வீட்டின் மதிப்பையும் காட்ட முடியாது. போன வாரம் திடீரென்று வந்து விழுந்த பெரிய தொகை கேள்வியைத்தான் கிளப்பும்.

ஆஸ்திரேலியாவும் மதிப்பெண் கேட்கும் நாடுதான், ஆனால் குணம் வேறு. குறைந்தது 65 வேண்டும் என்பது விதி. பல தொழில்களுக்கு அழைப்பு வருவது அதைவிட வெகு மேலே. கனடா பட்டத்தை மட்டும் சரிபார்க்கச் சொல்கிறது. ஆஸ்திரேலியா தொழிலையே சரிபார்க்கிறது. கணினித் துறையினருக்கு ஏசிஎஸ், பொறியாளர்களுக்கு இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா என்று ஒவ்வொரு தொழிலுக்கும் ஓர் அமைப்பு உட்கார்ந்து நம் படிப்பையும் வேலையையும் எடைபோடும். அந்த மதிப்பீடு சாதகமாக வராமல் விண்ணப்பமே இல்லை. இங்கே ஒரு கசப்பான கணக்கு உண்டு. படித்த பாடமும் பார்க்கும் வேலையும் நன்றாகப் பொருந்தியிருந்தால்கூட, ஏசிஎஸ் பொதுவாக முதல் இரண்டு ஆண்டு அனுபவத்தைத் 'தகுதி பெறும் காலம்' என்று கழித்துவிடும். ஐந்தாண்டு அனுபவம் உள்ளவர் 10 மதிப்பெண்ணை எதிர்பார்த்துப் போய், மூன்றாண்டு என்று கணக்கிடப்பட்டு 5 மதிப்பெண்ணோடு திரும்புவார்.

வயதில் மட்டும் ஆஸ்திரேலியா முப்பதுகளில் இருப்பவர்களிடம் கருணை காட்டுகிறது. 25 முதல் 32 வரை 30 மதிப்பெண், 33 முதல் 39 வரை 25. அதாவது 33 வயதானவரும் 39 வயதானவரும் ஒன்றே. கனடாவில் அதே ஆறு ஆண்டுகளில் 33 மதிப்பெண் கரைந்துபோகும். நாற்பதைத் தொட்டால் இங்கேயும் 15 ஆகிவிடும். 45 ஆகிவிட்டால் அழைப்பே கிடையாது.

இன்னொரு விசித்திரம்: தனியாக இருப்பவருக்கு 10 மதிப்பெண் கூடுதல். துணைவரும் தகுதியுள்ள தொழிலும் ஆங்கிலமும் உடையவர் என்றால் அதே 10. ஆங்கிலம் மட்டும் போதிய அளவு இருந்தால் 5. அதுவும் இல்லையென்றால் ஒன்றுமில்லை. திருமணமானவர்கள் இருவரும் மொழித் தேர்வு எழுதுவதுதான் இதற்கு ஒரே மருந்து. கணவர் படிப்பார், மனைவி பிறகு பார்த்துக்கொள்வார் என்று விடுவது இந்த முறையில் நேரடியாக நஷ்டம். விண்ணப்பத்தில் முதன்மை நபராக யாரை வைப்பது என்பதையும் இரண்டு பேருக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பல வீடுகளில் அதிக மதிப்பெண் மனைவிக்குத்தான் வரும். விண்ணப்பம் என்னவோ கணவர் பெயரில் போகும்.

ஆஸ்திரேலியாவில் மூன்று விசாக்கள் பேச்சில் அடிபடும். 189 யாருடைய தயவும் வேண்டாதது, அதனாலேயே போட்டி அதிகம். 190-க்கு ஒரு மாநிலத்தின் பரிந்துரை வேண்டும், 5 மதிப்பெண் கூடும். 491-க்கு 15 மதிப்பெண் கூடும். ஆனால் அது ஐந்தாண்டுத் தற்காலிக விசா. பெருநகரங்களுக்கு வெளியே வாழ்ந்து, மூன்றாண்டு கழித்து 191 என்ற நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதையும் 'பிஆர்' என்றே சொல்லி விற்கிறார்கள், மூன்றுமே ஒன்றல்ல. மருத்துவப் பரிசோதனையிலும் இந்த விசாக்கள் கடுமையானவை. குடும்பத்தில் ஒருவர் தேறாவிட்டால் எல்லோருடைய விண்ணப்பமும் விழும். வீட்டில் யாருக்காவது தொடர்ந்து செலவு வைக்கும் நோய் இருந்தால், கட்டணம் கட்டுவதற்கு முன்பே பதிவு பெற்ற குடியேற்ற ஆலோசகர் ஒருவரைப் பார்ப்பது வீண் செலவல்ல.

முதலில் வேலை, பிறகு நிரந்தரம்

கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நிரந்தர உரிமையோடு போய் இறங்கலாம். ஜெர்மனியில் வேலையோடு போய் இறங்கி, நிரந்தரத்தைச் சம்பாதிக்க வேண்டும். இதைக் கேட்டதும் ஒதுக்கிவிடுபவர்களுக்கு ஒரு தகவல்: புளூ கார்டு என்ற பட்டதாரிகளுக்கான வேலை அனுமதி பெற்றவர் ஜெர்மன் மொழியில் பி1 என்ற இடைநிலை தேறினால் 21 மாதத்தில் நிரந்தர வசிப்புரிமைக்குத் தகுதி பெறுகிறார். தொடக்க நிலையான ஏ1 மட்டும் என்றால் 27 மாதம். அந்த மாதங்களுக்கு ஓய்வூதியக் காப்பீட்டுத் தொகை கட்டியிருக்க வேண்டும். நாட்டின் சட்டமும் சமூகமும் பற்றிய அடிப்படை அறிவைக் காட்ட வேண்டும். குலுக்கலும் இல்லை, கட்-ஆஃப்பும் இல்லை. நிபந்தனையை நிறைவேற்றியவர் விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். என் பார்வையில் இன்று பெரிய நாடுகளில் மிகவும் கணிக்கத்தக்க வழி இதுவே.

புளூ கார்டுக்குத் தேவை மூன்று: அங்கீகரிக்கப்பட்ட பட்டம், அதற்குப் பொருத்தமான வேலை, குறைந்தபட்சச் சம்பளம். அந்தச் சம்பளம் 2025-இல் ஆண்டுக்கு 48,300 யூரோ. ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களுக்கும் புதிதாகப் பட்டம் பெற்றவர்களுக்கும் 43,759.80 யூரோ. ஆண்டுதோறும் ஜனவரியில் இந்த எல்லை மாறும். பட்டம் செல்லுமா என்பதை அனாபின் என்ற தரவுத்தளத்தில் கல்லூரியின் பெயரையும் படிப்பின் பெயரையும் போட்டுப் பார்க்கலாம். கணினித் துறையினருக்கு ஒரு சலுகை உண்டு: பட்டம் இல்லாவிட்டாலும் கடந்த ஏழு ஆண்டுகளில் மூன்றாண்டு அனுபவம் இருந்தால் போதும். புளூ கார்டுக்கு உச்ச வயது வரம்பும் இல்லை. நாற்பதைத் தாண்டியவர்கள் இந்த வாக்கியத்தை இரண்டு முறை படிக்கலாம்.

வேலை கையில் இல்லாமல் போக விரும்புபவர்களுக்கு 2024 ஜூன் 1 முதல் வாய்ப்பு அட்டை என்று ஒன்று தருகிறார்கள். ஆறு மதிப்பெண் வேண்டும். ஓராண்டு தங்கி வேலை தேடலாம். வாரத்துக்கு 20 மணி நேரம் பகுதிநேர வேலை பார்க்கலாம். அந்த ஓராண்டுக்கு வேண்டிய பணத்தை முன்கூட்டியே காட்ட வேண்டும். நான் இதைச் சுலபமாகச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஜெர்மன் தெரியாமல் போய் ஓராண்டு சேமிப்பைக் கரைத்துவிட்டுத் திரும்புவதைவிட, இருந்த இடத்திலிருந்தே பி1 வரை படித்துவிட்டு நேர்காணலுக்கு விண்ணப்பிப்பது மலிவு.

பிரிட்டனைப் பற்றி நீட்டி எழுத ஆசையில்லை. ஸ்பான்சர் தரும் நிறுவனத்தில் ஐந்தாண்டு வேலை செய்து, எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 180 நாளுக்கு மேல் வெளியே இல்லாமல் இருந்து, பிரிட்டன் வாழ்க்கை பற்றிய தேர்வில் தேறினால் நிரந்தரம் என்பது பல ஆண்டுகளாக இருந்துவந்த ஏற்பாடு. 2025 மே மாதம் அந்த ஐந்தைப் பத்தாக்கும் திட்டத்தை அரசு முன்வைத்தது. ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கான பொதுச் சம்பள எல்லை அந்த ஆண்டு ஜூலையில் 41,700 பவுண்டாக உயர்ந்தது. இதற்கு மேல் சுகாதாரக் கட்டணம் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு. ஐந்தாண்டு விசா என்றால் 5,175 பவுண்டை விண்ணப்பிக்கும்போதே கட்ட வேண்டும். ஓட்டத்தின் நடுவில் எல்லைக்கோட்டைத் தள்ளிவைக்கக்கூடிய நாட்டை நம்பி நீண்ட காலத் திட்டம் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அமெரிக்கா: பிறந்த இடத்தின் விலை

அமெரிக்காவின் நிரந்தர வசிப்புரிமைக்குப் பெயர் கிரீன் கார்டு. வேலை அடிப்படையிலான கிரீன் கார்டுகள் ஆண்டுக்குச் சுமார் 1,40,000. துணைவரும் குழந்தைகளும் இந்த எண்ணிக்கைக்குள் அடக்கம். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் அதில் ஏறத்தாழ 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. மக்கள்தொகை நூற்று நாற்பது கோடியானாலும் நான்கு லட்சமானாலும் உச்சவரம்பு ஒன்றே. விளைவு: 2025 இறுதியில் இந்தியாவில் பிறந்தவர்களுக்கான இபி-2 (உயர்பட்டம் பெற்றவர்கள்), இபி-3 (மற்ற பணியாளர்கள்) வரிசைகள் இரண்டுமே 2013-ஆம் ஆண்டில் நின்றன. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வரிசையில் நின்றவருக்கு இப்போது முறை வந்திருக்கிறது என்றால், இன்று நிற்பவருக்கு இன்னும் அதிகம் ஆகும். பின்னால் வரிசை பெருத்துக்கொண்டே போகிறது.

கணக்கில் கொள்ளப்படுவது பாஸ்போர்ட் அல்ல, பிறந்த நாடு. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிக்கொண்டு போனாலும் வரிசை மாறாது. துணைவர் வரிசை இல்லாத நாடு ஒன்றில் பிறந்தவராக இருந்தால் அவருடைய பிறந்த நாட்டின் கணக்கில் இருவரும் போகலாம் என்பது பலருக்குத் தெரியாத விதி.

தகுதி நிபந்தனைகளில் பாதி நம் கையிலேயே இல்லை. நிறுவனம் முதலில் அந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று தொழிலாளர் துறைக்குக் காட்ட வேண்டும். பிறகு நமக்காகக் குடியேற்றத் துறையிடம் ஐ-140 என்ற மனு போட வேண்டும். அது ஏற்கப்பட்டால் வரிசை தேதி உறுதியாகிறது. வேலை மாறினாலும் அந்தத் தேதி பெரும்பாலும் கூடவே வரும், ஆனால் புது நிறுவனம் மனுவை முதலிலிருந்து போட வேண்டும். அசாதாரணத் திறமை, தேசிய நலன் என்ற பிரிவுகளில் நாமே மனுப் போடலாம். தேசிய நலன் பிரிவுக்குத் தனி வரிசை என்று நம்புபவர்கள் ஏராளம். அதுவும் இபி-2 வரிசையில்தான் போய் நிற்கிறது. வரிசை நகரும் வரை தங்கியிருக்கப் பெரும்பாலும் எச்-1பி என்ற தற்காலிக வேலை விசா வேண்டும். அதற்கு ஆண்டுக்கு 85,000 இடம், அதற்கும் போட்டி. 2025 செப்டம்பரில், நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்காகப் போடப்படும் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. வேலை போய்விட்டால் பொதுவாக 60 நாள் அவகாசம்.

சம்பளம் அதிகம் என்பதை யாரும் மறுக்கவில்லை. பத்தாண்டு சம்பாதித்துவிட்டுத் திரும்பப் போகிறேன் என்பவருக்கு அமெரிக்கா இன்றும் நல்ல இடம். நிரந்தர வசிப்புரிமை ஒன்றே நோக்கம் என்றால், நீண்ட வரிசை உள்ள நாட்டில் பிறந்தவருக்கு இந்த நான்கில் கடைசி இடம்தான் கொடுப்பேன். வாங்கிய பிறகும் ஒரு நிபந்தனை ஒட்டிக்கொள்ளும்: கிரீன் கார்டு உள்ளவர் உலகில் எங்கே சம்பாதித்தாலும் அமெரிக்காவுக்கு வரிக் கணக்குக் காட்ட வேண்டும்.

சிங்கப்பூரும் பணம் கேட்கும் நாடுகளும்

சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ் என்ற வேலை அனுமதிகளோடு இருப்பவர் பிஆர் விண்ணப்பிக்கலாம். மதிப்பெண் பட்டியல் எதுவும் வெளியிடப்படுவதில்லை. நிராகரித்தால் காரணமும் சொல்வதில்லை. பக்கத்து மேசைக்காரருக்குக் கிடைத்து நமக்குக் கிடைக்காமல் போனால் ஏன் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. மகன்கள் உள்ளவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: பெற்றோர் வழியாக பிஆர் பெறும் ஆண் பிள்ளைகளுக்குத் தேசிய சேவை கட்டாயம். அது முழுநேரமாக இரண்டு ஆண்டு. சேவை செய்யாமல் பிஆரைத் துறந்தால் பிற்காலத்தில் அங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ விண்ணப்பிக்கும்போது அது எதிராக நிற்கும். மகனுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது போடும் கையெழுத்து இது.

ஐக்கிய அரபு அமீரகத்தின் கோல்டன் விசா பத்தாண்டு. 20 லட்சம் திர்ஹம் மதிப்புள்ள சொத்து வாங்குவது அதற்கு ஒரு வழி. புதுப்பித்துக்கொண்டே போகலாம், ஆனால் நிரந்தரம் என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. ஐரோப்பாவில் சொத்து வாங்கி வசிப்புரிமை பெறும் வழிகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன: போர்ச்சுகல் சொத்து வழியை 2023-இல் நிறுத்தியது, ஸ்பெயின் தன் கோல்டன் விசாவையே 2025 ஏப்ரலில் முடித்துக்கொண்டது. பணத்தால் வாங்கும் உரிமையை அரசு ஒரே சட்டத்தில் நிறுத்திவிடலாம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு போடுபவர்கள் போடட்டும்.

குடும்பத்தோடு வைத்துப் பார்த்தால்

விண்ணப்பதாரரின் தகுதியை மட்டும் ஒப்பிட்டால் படம் பாதிதான். பிள்ளைகள் விஷயத்தில் கனடா 22 வயதுக்கு உட்பட்டவர்களைச் சார்ந்தவர்களாக ஏற்கிறது. அமெரிக்காவில் எல்லை 21. வரிசையில் நிற்கும்போதே அந்த வயதைத் தாண்டிவிடும் பிள்ளைகள் உண்டு. சிறுவயதிலிருந்து அங்கேயே படித்தவர்கள், பெற்றோரின் விசாவிலிருந்து கழன்று சொந்தமாக விசா தேட வேண்டியிருக்கும். பத்து வயதுப் பிள்ளையோடு இன்று வரிசையில் சேர்பவர் இதைக் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது. ஜெர்மனியில் புளூ கார்டு வைத்திருப்பவரின் துணைவருக்கு மொழித் தேர்வு தேவையில்லை. வந்த நாள் முதல் வேலையும் பார்க்கலாம்.

பெற்றோரை அழைத்துக்கொள்வதில் எல்லா நாடுகளும் கைவிரிக்கும். கனடாவில் நிரந்தர உரிமைக்கான பெற்றோர் ஸ்பான்சர் வாய்ப்பு குலுக்கலைச் சார்ந்தே இருந்துவந்திருக்கிறது. பதிலாக ஒரு வருகைக்கு ஐந்தாண்டு வரை தங்கும் சூப்பர் விசா தருகிறார்கள். ஆஸ்திரேலியாவில் சாதாரணப் பெற்றோர் விசாவின் காத்திருப்பு பல பத்தாண்டுகள். விரைவான வழிக்குக் கட்டணம் மலைக்க வைக்கும். அமெரிக்காவில் குடியுரிமை வாங்கும் வரை பெற்றோருக்கு மனுவே போட முடியாது. எதிர்பாராத இடத்தில் ஜெர்மனி ஒரு கதவைத் திறந்தது: 2024 மார்ச் 1-க்குப் பின் முதல்முறை வசிப்பு அனுமதி பெற்ற திறன்பணியாளர்கள், பராமரிப்புச் செலவையும் மருத்துவக் காப்பீட்டையும் காட்ட முடிந்தால் பெற்றோரை அழைக்கலாம். வயதான பெற்றோருக்குக் காப்பீடு கிடைப்பதுதான் நடைமுறையில் முட்டும் இடம்.

பெற்ற உரிமையைக் காப்பாற்றும் நிபந்தனையும் நாட்டுக்கு நாடு மாறும். கனடாவில் ஐந்தாண்டில் 730 நாள் அங்கே இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் அங்கேயே இருக்கும்வரை உரிமை போகாது, ஆனால் வெளியே போய்த் திரும்பும் வசதி ஐந்தாண்டில் முடியும். புதுப்பிக்க அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். ஜெர்மனியில் பொதுவாக ஆறு மாதம் தொடர்ந்து வெளியே இருந்தால் உரிமை காலாவதி. புளூ கார்டு வைத்திருப்பவர்களுக்கு 12 மாதம். வேலை நிமித்தம் நாடு நாடாக அலைபவர்களுக்கு இந்த ஒன்றே மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகிவிடலாம்.

யாருக்கு எது

முப்பதுக்குள், தனியாள், மொழித் தேர்வில் நன்றாக எடுக்கக்கூடியவர் என்றால் கனடாவை விடாதீர்கள். கூடவே பிரெஞ்சைத் தொடங்குங்கள். அழைப்பு வரும்வரை காத்திருக்க முடியாதவர் ஜெர்மனியில் வேலை தேடலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை. 33-க்கும் 39-க்கும் இடையில், செவிலியர், ஆசிரியர் போன்ற தொழிலில் இருப்பவருக்கும், துணைவருக்கும் தொழில்தகுதி உள்ளவருக்கும் ஆஸ்திரேலியாவே முதலில். நாற்பதைத் தாண்டியவருக்கு மதிப்பெண் நாடுகளில் நேரம் கடந்துகொண்டிருக்கிறது. ஜெர்மனி இருக்கிறது, 55 வயது வரை ஏற்கும் நியூசிலாந்தும் இருக்கிறது, இரண்டுக்கும் கையில் வேலை வேண்டும். ஏற்கெனவே அமெரிக்காவில் ஐ-140 ஏற்கப்பட்டு இருப்பவர்கள் அதை விட்டுவிட வேண்டியதில்லை. அந்த அனுபவம் கனடா, ஆஸ்திரேலியா இரண்டிலும் வெளிநாட்டு அனுபவமாகச் செல்லும். வரிசையில் நின்றபடியே இன்னொரு நாட்டுக்கு விண்ணப்பிப்பவர்கள் நிறையப் பேர்.

இன்னும் முடிவு செய்ய முடியவில்லை என்றால், எந்த நாட்டுக்கும் உதவும் வேலைகளை இப்போதே தொடங்கலாம். பாஸ்போர்ட், பட்டம், பிறப்புச் சான்றிதழ் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய நிறுவனங்களிலிருந்து விரிவான அனுபவச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள். மேலாளர் வேலை மாறிப் போய்விட்டால், நிறுவனமே மூடிவிட்டால், பிறகு யாரிடமும் கேட்க முடியாது. மொழித் தேர்வு முடிவு கனடாவுக்கு இரண்டு ஆண்டுதான் செல்லும் என்பதால் விண்ணப்பிக்கும் காலத்தை ஒட்டி எழுதுங்கள். போலீஸ் சான்றிதழ்களில், கடந்த பத்தாண்டில் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வசித்த மற்ற நாடுகளுடையதை முன்கூட்டியே வாங்கலாம். அங்கிருந்து கிளம்பிய பிறகு பெற்றதாக இருந்தால் கனடா ஏற்கும். இப்போது வசிக்கும் நாட்டின் சான்றிதழை மட்டும் அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக அது இருக்க வேண்டும்.